சின்னத்தொரைக்கு அரைக் குளிசை

மேக்கணக்கு,
தெரணியகலை.
2024 ஜனவரி 21

என் அருமை மருமகள் சுகந்தினிக்கு,

மாமன் மூக்கையா எழுதிக்கொள்வது. நானும் என் வலது முழங்காலும் சுகம். இடது முழங்காலைப் பற்றிப் பேச வேண்டாம். விடுதிச் சோற்றில் கல் குறைந்ததா, நேரத்துக்குத் தூங்குகிறாயா என்று எழுது.

இப்போது நான் சொல்லப் போகும் கதையை இந்த மேக்கணக்கில் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். நீயும் நம்ப மாட்டாய். இருந்தாலும், தோட்டத்து டிஸ்பென்சரியில் முப்பத்தொரு வருஷம் குளிசை எண்ணிக் கொடுத்த இந்தக் கையை மாரியம்மன் முன்னால் நீட்டிச் சத்தியம் செய்கிறேன். இதில் ஒரு சொல் பொய்யில்லை.

நீ வளர்த்துவிட்டுப் போன பூனைக்குச் சின்னத்தொரை என்று பேர் வைத்தாயே, என்ன ராசியான பேர்! ஒரு வேலையும் செய்யாமல் காலையில் லயம் லயமாகப் போய் எல்லாரையும் முறைத்துப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவருக்கு வேறென்ன பேர் பொருந்தும்? அப்பேர்ப்பட்ட சின்னத்தொரை அவர்கள் போன செவ்வாய்க்கிழமை நம் கூரைத் தகரத்தின் மேல் ஒரு சிறுத்தையை மறித்துவிட்டார். வாலைச் சேர்க்காமல் ஒன்பது அடி. இவர் ஒரு உறுமல் உறுமினார், அரநாயக்க வரைக்கும் பஸ்ஸெல்லாம் ஓரங்கட்டி நின்றது. சிறுத்தை கையெடுத்துக் கும்பிட்டு, மலையேறி, இன்னும் ஓடிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

வெற்றி முழக்கத்தோடு கீழே குதித்தவர் தண்ணீர்ப் பீலியின் சீமெந்துக் கட்டின் மேல் விழுந்துவிட்டார். முன்னங்கால் ஒன்றைத் தரையில் வைக்கச் சங்கடப்படுகிறார். மற்றபடி அதிகாரத்துக்கும் நெத்தலிக்கும் குறைவில்லை.

குவைத்திலிருந்து உன் அம்மா பேசினாள். சுகமாக இருக்கிறாளாம்.

இப்படிக்கு, பட்டம் வாங்காத டொக்டர்,
உன் மாமன் மூக்கையா.

*

கல்வியியற் கல்லூரி விடுதி
28.01.2024

அன்புள்ள மாமாவுக்கு,

சுகந்தினி எழுதுறேன். நல்லா இருக்கேன். நீங்களும் அந்த முழங்காலும் சுகமா இருக்கணும். முதல் தவணை முடியிற வரைக்கும் எங்க போனெல்லாம் வோர்டன் மிஸ்ஸோட அலுமாரியில பூட்டிக் கிடக்கு. அதனால கடிதம்தான்.

சிறுத்தையை விடுங்க மாமா. கால் எப்படி? வீங்கியிருக்கா? தொட்டா கத்துதா? நான் இருந்திருந்தா மடியில வச்சுக்கிட்டே இருந்திருப்பேன். வாயில்லாத சீவன், நோவுன்னு யார்கிட்ட சொல்லும்? நோவு போக ஏதாவது குடுங்களேன். லயத்துல எல்லாரும் உங்ககிட்டதானே மருந்துக்கு வர்றாங்க. உங்களுக்குத் தெரியாததா?

போர்வைக்கு வெளிய அது தூங்கினா, உள்ளுக்கு இழுத்து விடுங்க.

அன்பு மருமகள்,
சுகந்தினி.

*

மேக்கணக்கு,
2024 பெப்ரவரி 12

மருமகளே,

உன் சுகத்துக்குக் கோயிலில் கற்பூரம் ஏற்றினேன். எனக்குக் குறையொன்றுமில்லை. கடிதம் பிந்தியதற்குக் காரணம் முத்திரை. டவுனில் முத்திரையே கிடையாது. இலங்கை முழுக்கவே கிடையாது என்று பேசிக்கொள்கிறார்கள்.

நீ கேட்டபடி வைத்தியம் நடந்தது. டிஸ்பென்சரிக் கணக்கு உனக்கு மனப்பாடம்: பெரிய ஆளுக்கு ஒன்று, பள்ளிக்கூடப் பிள்ளைக்கு அரை, கைப்பிள்ளைக்குக் கால். சின்னத்தொரை எடையில் கைப்பிள்ளை, அந்தஸ்தில் பெரிய ஆள். இரண்டுக்கும் நடுவாக அரைக் குளிசை கொடுத்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அதிசயம். அவருடைய வீரம் ஸ்டோர் வரைக்கும் எட்டிவிட்டது. தேயிலை அரைக்கிற அந்தப் பெரிய கட்டிடத்தில் எலித்தொல்லை. எலிகள் சாக்கைத் தூக்கிக்கொண்டு படியிறங்குகின்றனவாம். பெரிய தொரையே கையெழுத்துப் போட்டு நியமனக் கடிதம் அனுப்பினார். பாண்டு வாத்தியம், மாலை, குடை. சின்னத்தொரை திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். அங்கேயே குவார்ட்டர்ஸ் கொடுத்துவிட்டதால் இனி நம் காம்பராவுக்கு வர மாட்டார்.

லயத்திலும் இதைத்தான் சொல்லியிருக்கிறேன். பக்கத்துக் காம்பரா கிருஷ்ணகுமாரி கொழுந்துக் கூடையை முதுகிலிருந்து இறக்காமலே நின்று கேட்டாள். "அரைக் குளிசையிலயா இவ்வளவு தெம்பு?" என்றாள். ஆமாம் என்றேன்.

நன்றாகப் படி. வேறு விசேஷம் இல்லை.

மாமன்.

*

விடுதி
20.02.2024

அன்புள்ள மாமாவுக்கு,

சுகம். உங்க சுகம் எப்படின்னு உங்க கடிதத்துல தெரியல. எப்பவும் முழங்காலைப் பத்தி ஒரு பக்கம் எழுதுவீங்க. இந்த முறை ஒரு வரிகூட இல்ல.

நியமனக் கடிதக் கதையை ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாடி எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினேன். எலி சாக்கைத் தூக்குற இடத்துல ஸுமைராவுக்குப் புரையேறிப் போச்சு. றஸ்மியா மட்டும் சிரிக்கல. அவ என் பக்கத்துக் கட்டில். அவ ராத்தா, அதான் அக்கா, மிருக வைத்தியம் படிக்கிறாங்க. கை கழுவுற இடத்துல வச்சு, "உங்க மாமா என்ன குளிசை குடுத்தாரு?"ன்னு கேட்டா. தெரியாதுன்னேன். மனுசருக்குக் குடுக்கிற காய்ச்சல் குளிசைன்னா பூனைக்கு ஆகவே ஆகாதுன்னு சொன்னா. மாமாவுக்குத் தெரியாதது இல்லன்னு நானும் சொல்லிட்டேன்.

எந்தக் குளிசைன்னு எழுதுங்க. ஸ்டோருக்குப் போனா அதை ஒரு படம் எடுத்து அனுப்புங்க.

சுகந்தினி.

*

மேக்கணக்கு,
2024 மார்ச் 17

மருமகளே,

உனக்கும் உன் தோழிகளுக்கும் மாமனின் ஆசீர்வாதம். இங்கே வெயில். ரப்பர் மலையில் இலை உதிர்ந்து, புதுத் தளிர் சிவப்பாக வந்திருக்கிறது. பால் வெட்டுக்குப் போகிற வேலுசாமி உன்னை விசாரித்தான். உன் அம்மா நேற்றுப் பேசினாள். இடது முழங்காலும் இப்போது சுகம்.

சின்னத்தொரைக்குச் சம்பள உயர்வு கிடைத்திருக்கிறது. இரண்டு எலிகள் அவருக்கு விசிறி வீசுகின்றன. படம் எடுப்பதைத் தொரைமார் விரும்ப மாட்டார்கள். அதனால் கேட்கவில்லை.

நான் இப்போது யாருக்கும் குளிசை கொடுப்பதில்லை. வயதாகிவிட்டது, அளவு பிசகிவிடும் என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன். தலையிடிக்குக் கேட்டு வந்த கிருஷ்ணகுமாரி கோபித்துக்கொண்டாள். பிறகு தானே டவுனில் ஒரு கார்ட் குளிசை வாங்கி வந்தாளாம்.

நீ கேட்ட மற்ற விஷயத்தை அடுத்த முறை எழுதுகிறேன். இன்றைக்குக் கண்ணாடியைக் காணவில்லை.

மாமன்.

*

விடுதி
25.03.2024

மாமாவுக்கு,

சுகம். நீங்களும் சுகமா இருங்க.

கண்ணாடியைக் காணாமலா ஒரு பக்கம் எழுதினீங்க?

எந்தக் குளிசை மாமா?

வருஷப் பிறப்பு லீவுக்கு வர்றேன். பஸ்ஸை விட்டு இறங்கினதும் வீட்டுக்கு வர மாட்டேன். நேரா ஸ்டோருக்குத்தான் போவேன்.

சுகந்தினி.

*

மேக்கணக்கு,
2024 ஏப்ரல் 3

சுகந்தினிக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும். அதை முதலில் எழுதிவிடுகிறேன், பிறகு எழுத வராது.

ஸ்டோருக்குப் போக வேண்டாம். அங்கே பூனை இல்லை.

நான் கொடுத்தது பரசிட்டமோல். டிஸ்பென்சரியில் காய்ச்சல், தலையிடி, பிள்ளைக்குப் பல் முளைப்பு எல்லாவற்றுக்கும் கொடுத்த அதே வெள்ளைக் குளிசை. முதலில் மீன் குழம்பில் பொடித்துக் கலந்தேன். முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டது. எத்தனை பிள்ளைகளுக்கு மூக்கைப் பிடித்து மருந்து ஊற்றியிருக்கிறேன், எனக்கா இது பெரிய காரியம்? துவாயில் சுற்றி, வாயைப் பிளந்து, உள்ளே விட்டேன். கொஞ்ச நேரத்தில் சுருண்டு படுத்தது. நோவு விட்டுவிட்டது என்று நினைத்தேன். கிருஷ்ணகுமாரியைக் கூப்பிட்டுக் காட்டிப் பெருமையும் பேசினேன்.

காலையில் கால் இன்னும் நொண்டியது. இன்னொரு அரை கொடுத்தேன்.

பகல் சோற்று நேரத்தில் வாயிலிருந்து எச்சில் வடிந்தது. முகம் கூகைக்கட்டு வந்த பிள்ளைக்கு மாதிரி வீங்கியது. பாதமும் வீங்கியது. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன், ஈறு சிவப்பாக இல்லை. ஆறிப்போன தேயிலைச் சாயத்தண்ணி நிறத்தில் இருந்தது. நெடுந்தூரம் ஓடி வந்த மாதிரி மூச்சு வாங்கியது. காய்ச்சல் ஏறுகிறது என்று நினைத்து மூன்றாவது அரையை உடைத்துக் கையில் வைத்திருந்தேன். கொடுக்காமல் விட்டது புத்தியால் இல்லை. விழுங்கும் நிலையில் அது இல்லை.

மறுநாள் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பிரட்டுக்கு ஆட்கள் போகிற நேரத்தில் உயிர் போய்விட்டது. ரப்பர் மலை ஓரத்தில் புதைத்தேன். மண்வெட்டியோடு திரும்பும்போது கிருஷ்ணகுமாரி எதிரே வந்து, "எங்க மாமா உங்க தொரை?" என்றாள். வாய் தானாகவே, ஸ்டோருக்கு உத்தியோகமாகப் போய்விட்டார் என்றது. அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கட்டினேன். பிறகு உனக்கும் எழுதினேன்.

இதை மறைத்தே செத்துப் போயிருப்பேன். முந்தாநாள் நடந்ததால் எழுதுகிறேன்.

கிருஷ்ணகுமாரியின் வெள்ளைப் பூனைக்குக் கதவிடுக்கில் வால் நசுங்கிவிட்டது. கார்டிலிருந்து ஒரு குளிசையைக் கிள்ளி, கால் பங்கு கொடுத்திருக்கிறாள். பூனை படுத்துவிட்டதும் என்னிடம் வந்தாள். "உங்க தொரை அரை குடிச்சிட்டு ஸ்டோருக்கே போனாரு. இது கால்தான் குடிச்சது, தலையைத் தூக்க மாட்டேங்குதே" என்றாள்.

உதட்டைத் தூக்கினேன். அதே நிறம்.

கூடையில் போட்டு, த்ரீவீலர் பிடித்து, டவுனில் மிருக வைத்தியரிடம் போனோம். சிங்களத்துப் பெண், உன்னைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டாள். எனக்குத்தானே சிங்களம் நன்றாக வரும், நான்தான் பதில் சொன்னேன். மனிதக் குளிசையை உடைத்துக் கொடுக்கலாம் என்று யார் சொன்னது என்று அடுத்துக் கேட்டாள். நான் கிருஷ்ணகுமாரியைக் காட்டினேன். "இவங்களா நினைச்சுக்கிட்டாங்க" என்றேன். அவளுக்குச் சிங்களம் அரைகுறை. ஏச்சு முழுவதையும் அவள் தலை குனிந்து வாங்கிக்கொண்டாள்.

மனிதரின் ஈரல் அந்த மருந்தை உடைத்து வெளியே தள்ளிவிடுமாம். பூனையின் ஈரலுக்கு அது முடியாதாம். உள்ளே தங்கி இரத்தத்தைக் கெடுத்துவிடும், பிறகு இரத்தம் காற்றைச் சுமக்காது, அதனால்தான் ஈறு அந்த நிறம் என்றாள். எடை பார்த்துக் குறைத்துக் கொடுக்கிற பேச்சே இல்லை, துளியும் கூடாது. மனிதர் அந்தக் குளிசையை அளவு மீறி விழுங்கினால் கொடுக்கிற முறிவு மருந்து ஒன்று இருக்கிறதாம். பாமசி வைத்திருக்கிற புவாட் நானா எங்கெங்கோ போன் பண்ணி ஒரு மணி நேரத்தில் எடுத்துக் கொடுத்தார். சீக்கிரம் கொண்டுவந்ததால் பிழைத்தது.

நான் சீக்கிரம் கொண்டுபோகவே இல்லை. கொண்டுபோக வேண்டும் என்றே தோன்றவில்லை. நானே டொக்டர்.

திரும்பும்போது கிருஷ்ணகுமாரி அழுதாள். அந்தக் கார்ட் பழசாக இருந்திருக்கும் என்று சொல்லித் தேற்றினேன். இதையும் எழுதிவிட்டேன்.

மாமன்.

*

மேக்கணக்கு,
2024 ஏப்ரல் 20

சுகந்தினிக்கு,

சுகமா? வருஷப் பிறப்பன்று கடைசி பஸ் வரைக்கும் ரோட்டில் நின்றேன். அந்தக் கிழமை ஏழு நாளும் நின்றேன். வேலுசாமி வந்து கூட்டிப்போனான்.

அம்மா கேட்டாள். படிப்பு அதிகம், அதனால் வரவில்லை என்று சொல்லி வைத்தேன்.

மாமன்.

*

விடுதி
06.05.2024

மாமாவுக்கு,

சுகமா இருக்கேன். லீவுக்கு றஸ்மியா வீட்டுக்குப் போயிட்டேன். அவங்க வீட்டுலயும் ஒரு பூனை இருக்கு. அதைத் தொடாம மூணு நாள் இருந்தேன்.

உங்க கடிதத்தை எத்தனை முறை வாசிச்சேன்னு தெரியல. அதுல என் பேரை நீங்க எங்கயும் இழுக்கல. ஆனா என் கடிதத்துல நான் என்ன எழுதினேன்னு எனக்குத் தெரியும். நோவு போக ஏதாவது குடுங்கன்னு எழுதினது நான். அது எப்படி நொண்டுச்சுன்னு பார்க்காம, உங்களுக்குத் தெரியாததான்னு புகழ்ந்து எழுதினதும் நான்தான். அது ஸ்டோருல இல்லன்னு றஸ்மியா கேட்ட அன்னைக்கே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் எந்தக் குளிசை, எந்தக் குளிசைன்னு உங்களையே கேட்டுக்கிட்டு இருந்தேன். பூனை இருக்கான்னு ஒரு தடவைகூட கேட்கல. கேட்டா சொல்லிடுவீங்களோன்னு பயம்.

குளிசை குடுத்ததை விட எனக்கு ஆத்திரம் எதுலன்னா, கிருஷ்ணகுமாரி அக்காவைக் கைகாட்டினீங்களே, அதுலதான். அவங்க இப்பவும் கார்ட் பழசுன்னுதானே நினைச்சுக்கிட்டு இருப்பாங்க? அப்ப நாளைக்குப் புதுக் கார்ட் வாங்கிக் குடுப்பாங்க இல்லையா? நம்ம லயத்துல எல்லார் காம்பராவிலயும் கூரைச் சட்டத்துல ஒரு கார்ட் செருகித்தான் இருக்கு. றஸ்மியா ராத்தா சொன்னாங்க, உடம்பு நோவுக்கு நாம போடுற மத்தக் குளிசையும் அப்படித்தானாம். மிருக வைத்தியர் சொல்லாம ஒண்ணும் குடுக்கக் கூடாது. நாய்க்கும்தான்.

மன்னிச்சிட்டேன்னு எழுதக் கை வரல. எழுத வந்தா எழுதுறேன். அதுக்கு முன்னாடி நீங்க எனக்குச் சொன்னதை அங்க இருக்கிற ஆட்களுக்குச் சொல்லுங்க. எல்லாருக்கும். கதையாச் சொன்னாலும் சரி.

முழங்காலுக்கு எண்ணெய் தேய்ங்க.

சுகந்தினி.

*

மேக்கணக்கு,
2024 மே 19

மருமகளே,

நீ சுகம் என்று எழுதியதை இரண்டு முறை வாசித்துக்கொண்டேன். எண்ணெய் தேய்த்தேன். தைலத்துக்கு இரண்டு முழங்காலும் சண்டை போடுகின்றன.

கதையாகச் சொன்னாலும் சரி என்றாய். கேள்.

வெள்ளிக்கிழமைக் காலை. பிரட்டுக்களத்தில் வேலை பிரித்துக் கொடுக்கிற நேரம். சனம் நாற்பதாயிரத்துக்குக் குறையாது. கேகாலைப் பஸ் நிலையம் காலியாகிவிட்டது, அத்தனை பேரும் இங்கே. நான் ஒரு யானை மேல் வந்து இறங்கினேன். கணக்கப்பிள்ளை குடை பிடித்தார். "நான் பேசணும்" என்றதும் இடி நின்றது. தேயிலைச் செடிகள் கொழுந்தை நிமிர்த்திக் கேட்டன.

முதலில் அந்தப் பூனைக்கு என்ன ஆனதென்று சொன்னேன். துவாயைச் சொன்னேன், இரண்டாவது அரையைச் சொன்னேன். பிறகு கிருஷ்ணகுமாரியைப் பார்த்து, "உன் கார்ட் பழசில்லம்மா, புதுசுதான். நான் சொன்ன பொய்ய நம்பித்தான் நீ குடுத்த. வைத்தியர்கிட்ட உன்னயக் காட்டிவிட்டதும் நான்தான்" என்றேன். அவள் கூடையைத் தூக்கியெறிந்துவிட்டு ஓடிவந்து மாலை போட்டாள். நாற்பதாயிரம் பேரும் குளிசைக் கார்டுகளைக் கொண்டுவந்து குவித்தார்கள். குவியல் ஸ்டோர்ப் புகைக்கூண்டை விட உயரம். வேலுசாமி அதன் உச்சியில் ஏறி நின்று, இனி பூனைக்கு நோவென்றால் மூக்கையாவைத் தேடாதே, டவுனுக்குப் போ என்று அறிவித்தான். எல்லாரும் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள்.

இனிமேல் மெய். அன்றைக்கு வேலைக்கு வந்தது இருபத்தேழு பேர். யானை கிடையாது, முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் ஏறிப்போனேன். மாலையும் கிடையாது. கார்ட் பழசில்லை என்று நான் சொன்னதைக் கேட்டதும் கிருஷ்ணகுமாரி கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போய்விட்டாள், இன்னும் என்னோடு பேசவில்லை. ஒரு கார்டும் குவியவில்லை, அவரவர் கூரைச் சட்டத்திலேயே இருக்கிறது. வேலுசாமி ஒன்றும் அறிவிக்கவில்லை. "இனி உங்கள டொக்டர்னு கூப்பிட மாட்டோம் மாமா, சரிதானே" என்று மட்டும் கேட்டான். நாலைந்து பேர் சிரித்தார்கள். சரிதான் என்றேன்.

ஜனவரியிலிருந்து உனக்கு எத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன். அத்தனை புளுகுக்கு நடுவில் இந்தச் சின்ன இடம் மெய்யாகவே நடந்தது. இருபத்தேழு பேருக்கு முன்னால், "அது ஸ்டோருக்குப் போகல. நான்தான் கொன்னேன்" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

மாமன்,
மூக்கையா.